புதுத் தொழில், பழைய சட்டம்: திருமலையில என்னட்ட அடிக்கடி கேக்கிற கேள்விகள்

திருகோணமலை உப்புவெளிப் பக்கம் சின்னதா ஒரு கடை வச்சிருக்கன், சோலார் பூட்டுறது, இன்வேட்டர் திருத்துறது, இப்ப கொஞ்ச நாளா ட்ரோன் வேலையும் பாக்கிறன். சனிக்கிழமை பின்னேரம் எண்டா ஏ.எல் டெக்னோலஜி படிக்கிற பிள்ளையள், கோணேசபுரி கெம்பஸ் பெடியள் எல்லாம் வந்து குந்திருவாங்க. கதை எங்க தொடங்கினாலும் கடைசில வந்து நிக்கிற இடம் ஒண்டுதான், "அண்ணே இந்தச் சட்டதிட்டம் இல்லாட்டி நாங்களும் ஏதாவது பெரிசா செஞ்சிருப்பமே". ஒண்டையே திருப்பித் திருப்பிச் சொல்லி தொண்டத்தண்ணி வத்திப்போச்சு, அதான் எழுதி வைக்கிறன். நான் சட்டத்தரணியும் இல்ல, லெக்சரரும் இல்ல, கேட்டது, வாசிச்சது, பட்டது இவ்வளவுதான்.

சட்டம் எண்டாலே புதுசா வாற எதுக்கும் எதிரிதானே?

நானும் கன காலம் அப்பிடித்தான் நினைச்சன். இதுக்கு எல்லாரும் எடுத்துவிடுற கதை இங்கிலாந்துச் சிவப்புக் கொடிச் சட்டம். 1865ல ரோட்டில தானா ஓடுற வண்டிக்கு மூண்டு பேர் வேணும், அதில ஒராள் சிவப்புக் கொடியப் பிடிச்சுக்கொண்டு 60 யார் முன்னால நடக்கோணும், வேகம் ஊருக்கு வெளிய மணிக்கு 4 மைல், ஊருக்குள்ள 2 மைல். எங்கட கோணேசர் தேரே வடம் பிடிக்கிற ஆக்கள் உசாரா இருந்தா அதவிட வேகமா போயிரும். ஆள் முன்னால நடக்கிற இந்த இழுவைய 1896 வரைக்கும் இழுத்தாங்க.

ஆனா மற்றக் கதைய ஆரும் சொல்றதில்ல. உங்கட ஃபோன்ல இருக்கிற வைஃபை எங்கயிருந்து வந்துது? 1985ல அமெரிக்காவில தொலைத்தொடர்பு ஆணைக்குழு சில அலைவரிசைய லைசன்ஸ் எடுக்காமலே ஆரும் பாவிக்கலாம் எண்டு திறந்துவிட்டுது. 2.4 கிகாஹேர்ட்ஸ் அதில ஒண்டு, மைக்ரோவேவ் அடுப்பு இரைஞ்சுகொண்டு கிடக்கிற இடம், பெரிய கொம்பனியள் குப்பை எண்டு விட்ட இடம். சும்மா திறக்கேல்ல, இவ்வளவு பவருக்கு மேல போகப்படாது, சிக்னல இப்பிடிப் பரப்பித்தான் அனுப்போணும் எண்டு விதி போட்டுத்தான் திறந்தாங்க. பிறகு 1997ல வைஃபைக்கு 802.11 எண்ட பொதுத் தரம் வந்துது, எல்லாக் கொம்பனிப் பெட்டியும் ஒண்டோட ஒண்டு கதைக்கத் தொடங்கினது அதுக்குப் பிறகுதான். அந்த விதி எழுதின ஆக்களுக்கு நிலாவெளி கெஸ்ட்ஹவுஸ்ல வெள்ளைக்காரன் பாஸ்வேர்ட் கேப்பான் எண்டு தெரிஞ்சிருக்காது, ஆனா கதவத் திறந்து வச்சது அவங்கதான்.

அதால சட்டம் கூடவா குறையவா எண்டு நான் இப்ப பாக்கிறதில்ல. கேட்டா பதில் வருமா, வந்தா எத்தின நாள்ல வரும், இதத்தான் பாக்கிறன்.

"இன்ஸ்டிடியூஷன்" எண்டு பாடத்தில வருது, அது கட்டிடமா?

டக்ளஸ் நோர்த் எண்டு ஒரு பொருளியல்காரர், 1993ல நோபல் எடுத்தவர், அவர் சொல்றது விளையாட்டுக்கு இருக்கிற விதிதான் இன்ஸ்டிடியூஷன், அத விளையாடுற அணிதான் நிறுவனம் எண்டு. எங்கட கரையில நிண்டு பாத்தா சுகமா விளங்கும். கரைவலை இழுக்கிற இடத்தில பாடு எண்டு ஒண்டு இருக்குத்தானே, எந்த இடத்தில ஆற்ற வலை, எது முதல் எது பிறகு எண்டு. விடிய அஞ்சு மணிக்கு அங்க ஒரு பொலிஸும் நிக்கிறதில்ல, ஒரு போர்டும் இல்ல, ஆனா முறை மாறிப் போட்டா அண்டைக்கு கரையில ரகளைதான். அந்தப் பாடுதான் இன்ஸ்டிடியூஷன். கடற்றொழில் திணைக்களம் அதுக்கு மேல வந்து லைசன்ஸ் குடுக்குது, அதுவும் ஒண்டு.

இப்ப அதே கரைக்கு ஒராள் டிராக்டர்ல கயிறச் சுத்தி இழுக்கிற வின்ச் பூட்டிக்கொண்டு வாறார். நாற்பது பேர் இழுத்த வலைய நாலு பேரோட இழுக்கிறார். பழைய பாட்டில வலைக்கு விதி இருக்கு, வின்சுக்கு இல்ல. மற்ற முப்பத்தாறு பேரும் என்ன செய்யிறது? வடக்கு கிழக்குக் கரையில இதால எத்தின பிரச்சினை. புதுச் சாமான் வந்த உடன எழும்புற சண்டையில முக்கால்வாசி இப்பிடித்தான், சாமான் நல்லதா கெட்டதா எண்டதவிட லாபம் ஆருக்கு நட்டம் ஆருக்கு எண்டதுக்கு முன்னமே ஒரு முறை இல்லாததாலதான் வருது.

சோலார் பூட்டின ஆக்கள் ஒருக்கா சிரிக்கிறாங்க, ஒருக்கா தலையில கை வைக்கிறாங்க, அது ஏன்?

இதில நான் உள்ளுக்கால நிண்டவன், கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவன்.

2010லயே நெட் மீட்டரிங் வந்திட்டுது, கூரையில மிஞ்சிற கரண்ட லைனுக்குக் குடுத்து பில்லில கழிக்கிற முறை, ஆனா வசதியுள்ள கொஞ்சப் பேர்தான் போட்டாங்க. 2016ல அரசாங்கம் "சூரிய பல சங்கிராமய" எண்டு ஒரு திட்டம் கொண்டுவந்துது. அதில நீங்க பாவிச்சு மிஞ்சின ஒவ்வொரு யூனிட்டுக்கும் முதல் 7 வருசம் 22 ரூபா, அடுத்த 13 வருசம் 15 ரூபா 50 சதம் எண்டு 20 வருசத்துக்கு ஒப்பந்தம். பனல்ல அந்த வருசம் புதுசா எந்தக் கண்டுபிடிப்பும் இல்ல, 2015ல இருந்த அதே பனல்தான். மாறினது அந்த ஒப்பந்தக் கடதாசி மட்டும். அதக் கொண்டுபோய் வங்கியில வச்சா மனேஜருக்கு கணக்குப் பாக்க ஏலும், லோன் வரும், லோன் வந்தா என்னப்போல ஆக்களுக்கு வேலை வரும், நான் ரெண்டு பெடியன வச்சு ஏணி வாங்கினதே அந்தக் காலத்திலதான்.

இந்த முறை எங்கட கண்டுபிடிப்பும் இல்ல. ஜேர்மனி 2000மாம் ஆண்டில சட்டம் போட்டு 20 வருசத்துக்கு நிலையான விலை தந்துது, அத நம்பி உலகம் முழுக்க ஃபெக்டரி வந்துது, பிறகு சீனா அத பெரிய அளவில எடுத்துச் செஞ்சு விலைய விழுத்திப்போட்டுது. உங்கட வீட்டுக் கூரையில இருக்கிற பனல் மலிவா வந்ததுக்கு எங்கயோ ஒரு ஜேர்மன் கிழவி கூடக் கட்டின கரண்ட் பில்லும் ஒரு காரணம். டென்மார்க் கரண்ட் எடுக்கிற காத்தாடி விஷயத்தில இன்னும் கெட்டித்தனம், 1979ல இருந்து காத்தாடி போடுறவனுக்கு செலவில 30 வீதம் அரசாங்கம் குடுத்துது, ஆனா ரிசோ எண்ட இடத்தில இருந்த சோதனை நிலையம் பாஸ் பண்ணின மெஷினுக்கு மட்டும். காசும் சோதனையும் ஒண்டாக் கட்டியிருந்ததால தகரடப்பா செஞ்சு விக்கிறவனுக்கு இடமில்லாமப் போச்சு, எண்பதுகள்ள கலிபோர்னியாவில காத்தாடி மோகம் வந்தப்ப டென்மார்க் மெஷின்தான் நிண்டு பிடிச்சுது. எனக்கு இந்தக் கதைதான் எல்லாத்திலயும் பிடிச்சது, ஏனெண்டா நானே தகரடப்பா இன்வேட்டர் எத்தினையத் திறந்து பாத்திருக்கன்.

சரி, அழுறது எப்ப? 2022 நெருக்கடியில விலைய 37 ரூபா வரைக்கும் ஏத்தினாங்க, எல்லாரும் ஓடி வந்தாங்க, பிறகு புதுசா வாறவைக்கு படிப்படியாக் குறைச்சாங்க. விலை மாறுறது பிழையில்ல, சாமான் விலை குறைஞ்சா அதுவும் குறையத்தான் வேணும். ஆனா பனல் கூடின வேகத்துக்கு வயரும் ட்ரான்ஸ்ஃபோமரும் பெற்றரியும் கூடேல்ல. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில், ஃபெக்டரி எல்லாம் லீவு, பாணந்துறை சப்ஸ்டேஷன்ல ஒரு குரங்கு பாஞ்சு நாடு முழுக்க கரண்ட் போச்சு. சனம் குரங்கை வச்சு மீம் போட்டு சிரிச்சுது. உள்ள விஷயம் வேற. பெரிய டர்பைன் சுத்திக்கொண்டிருந்தா அந்தச் சுத்தில ஒரு தம் இருக்கும், ஓடுற சைக்கிள் சின்னக் கல்லு தட்டினா விழாது, மெல்லமாப் போற சைக்கிள் விழுந்திரும், அதப்போல. எங்கட கூரை இன்வேட்டருகளுக்கு அந்தத் தம் இல்ல. அண்டைக்கு சோலார் கூட, டர்பைன் குறைய, ஒரு தட்டில எல்லாம் விழுந்துது. அந்த வருசச் சித்திரை வருசப் பிறப்பு நாட்கள்ல பகல் 3 மணி வரைக்கும் கூரை சோலார நிப்பாட்டச் சொல்லி மின்சார சபையே கேட்டுது. 20 வருசம் வாங்குவம் எண்டு எழுதித் தந்த ஆக்கள் தயவுசெஞ்சு தராதேங்க எண்டு கேக்கிற நிலமை.

கிட்ட நிண்டு பாத்த ஒண்டு சொல்றன். எனக்குத் தெரிஞ்ச ஒரு ரீச்சர் அக்கா, லோன் எடுத்து 5 கிலோவொட் போட வந்தா. சாமான் வந்திட்டுது, உங்கட ஏரியா ட்ரான்ஸ்ஃபோமர்ல இடம் இருக்கா எண்டு பாத்துச் சொல்றம் எண்டாங்க. பாத்தாங்க, பாத்தாங்க, நாலு மாசம் பாத்தாங்க. இல்லை எண்டும் சொல்லேல்ல, ஓம் எண்டும் சொல்லேல்ல. சம்பளத்தில லோன் வெட்டுப்படத் தொடங்கிட்டுது. நான் ஒருநாள் போனா ஹோல்ல இன்வேட்டர் பெட்டிக்கு மேல வெள்ளைத் துணி விரிச்சு பூச்சாடி வச்சிருக்கிறா. "தம்பி இது இனி மேசைதான்" எண்டு சிரிச்சா, எனக்கு தேத்தண்ணி இறங்கேல்ல. முதல் கிழமையே இல்லை எண்டு சொல்லியிருந்தா சாமானத் திருப்பிக் குடுத்திருப்பம்.

மொபைல் எப்பிடி இவ்வளவு வேகமா வந்துது, அதுக்கும் சட்டம் இருந்ததுதானே?

இருந்துது, அதாலதான் வந்துது. முந்தி ஃபோன் எண்டா அரசாங்கத் திணைக்களம், லைன் எடுக்க வருசக்கணக்கில காத்திருக்கோணும். 1991ல 25ம் இலக்கச் சட்டம் வந்து ஃபோன் குடுக்கிறதையும் அதக் கண்காணிக்கிறதையும் பிரிச்சுது, 1996ல அந்தக் கண்காணிப்பு ஒரு ஆணைக்குழுவா மாறினது. செல்டெல் எண்ட மொபைல் கொம்பனி சட்டத்துக்கு முன்னமே 1989ல வந்திட்டுது, 1995ல டயலொக் டிஜிட்டலோட வந்துது, தென்னாசியாவில டிஜிட்டல் மொபைல் முந்தி வந்த இடங்கள்ல எங்கட நாடும் ஒண்டு. விளையாடுறவனே அம்பயராவும் நிக்கிற மேட்ச்சில ஆர் காசு போடுவான் எண்டு யோசிச்சா ஏன் பிரிச்சது எண்டு விளங்கும்.

ஆனா எங்கட பக்கத்துக்கு அந்தச் சட்டம் ஒரே மாதிரி வரேல்ல. கொழும்பில பேஜரும் மொபைலுமா இருக்கேக்க யாழ்ப்பாணத்துக்கு மொபைல் வந்தது 2002 சமாதான காலத்துக்குப் பிறகுதான். சட்டப் புத்தகத்தில ஒரு நாடு, பாதுகாப்பு அமைச்சிட மேசையில ரெண்டு நாடு.

ஸ்டார்லிங்க் கதையும் பாருங்க. சட்டிலைட்டில நேரா வீட்டுக்கு இன்டர்நெட் எண்டது 1996 திருத்தத்தில ஆரும் கனவிலயும் காணாதது. 2024 ஜூலையில சட்டத்தத் திருத்தி, ஓகஸ்ட்ல லைசன்ஸ் குடுத்து, சேவை தொடங்கினது 2025 ஜூலையில. இடையில இழுபட்டது பாதுகாப்புத் தரப்புக்கு கண்காணிக்கிற ஏற்பாடு முடியிற வரைக்கும். ராக்கெட் ஏறினது எப்பவோ, கோப்பு ஏறத்தான் நாளாச்சு.

அப்ப ட்ரோன்? திருமலையில பறக்க விடலாமா?

தம்பி, இதத்தான் எல்லாரும் முதல்ல கேக்கிறீங்க. இலங்கை முழுக்கவே சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில பதிவு, பாதுகாப்பு அமைச்சிட அனுமதி எண்டு ரெண்டு வாசல் இருக்கு. அதுக்கு மேல எங்கட ஊர்ல ஒரு பக்கம் டொக்யார்ட்ல கடற்படை, மறுபக்கம் சீனக்குடாவில விமானப்படை, பிரட்ரிக் கோட்டைக்குள்ள ஆமி, நடுவில நாங்க. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு கொஞ்ச காலம் நாடு முழுக்க ட்ரோன் பறக்கத் தடையே போட்டாங்க. அந்த நேரம் கல்யாண வீடியோ எடுக்கிற பெடியள் ட்ரோன அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டினது எனக்குத் தெரியும்.

நான் பயம் காட்டேல்ல. பாதுகாப்புக் காரணம் சும்மா சாட்டு எண்டும் சொல்ல மாட்டன், துறைமுகத்துக்கு மேல எவனும் கமரா பறக்க விட ஏலாதுதான். ஆனா தம்பலகாமத்தில வயலுக்கு மருந்தடிக்கிறது வேற விஷயம். கைப்பம்பு தோள்ல போட்டு ஒரு ஏக்கர் அடிக்கிற மனுசன் பின்னேரம் கண் எரிச்சலோட இருமிக்கொண்டு வாறார், ட்ரோன் அத சில நிமிசத்தில அடிச்சிட்டு இறங்கும். ரெண்டுக்கும் ஒரே படிவம், ஒரே சந்தேகம்.

இந்தியாவப் பாருங்க. 2014ல சிவில் ட்ரோன் வேண்டாம் எண்டு முழுசா நிப்பாட்டினாங்க, சந்தைய சீனாக்காரன் எடுத்துக்கொண்டு போயிட்டான். பிறகு யோசிச்சு 2021 ஓகஸ்ட்ல புது விதி, 25 படிவம் இருந்தது 5 ஆச்சு, நாட்டு வரைபடத்த பச்சை, மஞ்சள், சிவப்பு எண்டு பிரிச்சாங்க, பச்சையில 400 அடி வரைக்கும் அனுமதியே தேவையில்ல, சிவப்பில கேக்காமப் பறக்க ஏலாது. எனக்கு அந்த வரைபடம்தான் முக்கியம். திருமலை நகரம் முழுக்க சிவப்பா இருக்கட்டும், நான் கையெடுத்துக் கும்பிட்டு ஏத்துக்கொள்றன், தம்பலகாமம் என்ன நிறம் எண்டு ஃபோன்ல பாக்க ஏலுமெண்டா நான் நாளைக்கே முடிவெடுப்பன். பதிலுக்கு ரெண்டு பஸ் ஏறி கொழும்பு போகத் தேவையில்ல.

யுத்த காலத்தில மண்ணெண்ணெயில மோட்டார்சைக்கிள் ஓட்டினாங்களே, தடை இருந்தாத்தானே கண்டுபிடிப்பு வரும்?

இத என்ட மாமாமார் பெருமையாச் சொல்லுவாங்க, பெருமைப்பட வேண்டியதுதான். தொண்ணூறுகள்ல யாழ்ப்பாணம், வன்னிப் பக்கம் பெற்றோல் இல்ல, பெற்றரி இல்ல, எல்லாத்துக்கும் தடை. ஸ்டார்ட் பண்ண ஒரு சொட்டு பெற்றோல், சூடானாப் பிறகு மண்ணெண்ணெய். சைக்கிள் டைனமோவச் சுத்தி ரேடியோவில செய்தி கேட்டாங்க, ஒராள் மிதிக்க ஊரே சுத்தி நிண்டு கேக்கும்.

ஆனா ஒண்டு யோசியுங்க. அதில ஏதாவது ஒண்டு இண்டைக்கு ஒரு தொழிலா இருக்கா? அந்தக் கார்ப்ரேட்டர் வேலை தெரிஞ்ச மெக்கானிக் அத எழுதி வச்சாரா, பேடன்ட் எடுத்தாரா, லோன் எடுத்து பத்துப் பேருக்கு வேலை குடுத்தாரா? பெற்றோல் வந்த அண்டைக்கே எல்லாம் முடிஞ்சுது. மூளை இருந்துது, கை இருந்துது, கையில இருக்கிறதத் தொழிலாக்கிற வங்கி, சந்தை, சோதனைக்கூடம், நீதிமன்றம், இதொண்டும் இல்ல. மாமாட்ட இதச் சொன்னா கோவிப்பார், அதால சொல்றதில்ல.

எங்கட மீன்பிடிப் போட்டுகள்ல டிராக்கர் பூட்டினது ஆரிட சட்டம்?

வெளிநாட்டுச் சட்டம். ஐரோப்பிய ஒன்றியம் 2014 ஒக்டோபர்ல, உங்கட போட்டுகள் ஆழ்கடல்ல கணக்குவழக்கில்லாமப் பிடிக்குது எண்டு சொல்லி, 2015 ஜனவரியில இருந்து இலங்கை மீன வாங்க மாட்டம் எண்டு நிப்பாட்டினாங்க. சூரை விக்கிற ஆக்களுக்கு நெஞ்சில அடி. அதுக்குப் பிறகுதான் பலநாள் போட்டுகளுக்கு எங்க நிக்குது எண்டு சட்டிலைட்டில காட்டுற விஎம்எஸ் பெட்டி, லொக் புத்தகம் எல்லாம் கட்டாயமாச்சு. 2016 ஜூன்ல தடை எடுபட்டுது. பிறகு அவுஸ்திரேலியாவும் 4,200 பெட்டி அன்பளிப்பா தந்துது, அவங்களுக்கு மீன்ல அக்கறையில்ல, போட்டில ஆள் வாறது பிரச்சினை.

கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில ஒரு போட்டுக்காரர் என்னட்ட கேட்டார், "இந்தப் பெட்டியில என்ட இடம் கொழும்புக்குத் தெரியுது, எனக்கு மீன் எங்க நிக்குது எண்டு தெரியுமா?" இதுக்குள்ளதான் உங்களுக்கு வேலை இருக்கு. சட்டம் பெட்டிய வைக்கச் சொல்லிட்டுது, அந்தப் பெட்டியால மீனவனுக்கு என்ன பிரயோசனம் எண்டு இன்னும் ஆரும் ஒழுங்கா செய்யேல்ல.

சேண்ட்பொக்ஸ் எண்டா என்ன?

சின்னப் பிள்ளையள் மண்ணில விளையாடுற பெட்டிதான். கொஞ்ச வாடிக்கையாளர், கொஞ்சக் காலம், கண்காணிக்கிறவன் பக்கத்தில இருக்க புதுச் சேவைய ஓட்டிப் பாக்கிறது. இங்கிலாந்தில 2016ல தொடங்கினது, எங்கட மத்திய வங்கியும் 2020ல ஒண்டு திறந்துது. பேர் புதுசு, வேலை பழசு. 2007ல கென்யாவில எம்பெசா வந்தப்ப ஃபோன்ல காசு அனுப்ப அங்க சட்டமே இல்ல, மத்திய வங்கி எங்களுக்கு ஆட்சேபம் இல்ல எண்டு ஒரு கடிதம் குடுத்து விட்டுது, ஒழுங்கான சட்டம் வந்தது 2011ல. எங்களுக்கு அதே மாதிரி ஃபோன்ல காசு அனுப்புற ஈசி கேஷ் 2012ல வந்துது, அது லைசன்சோடயே வந்தது. ரெண்டு வழியும் வழிதான். ஆனா இன்டர்நெட்டில காசு அனுப்பி எடுக்கிற பேபால்ல காசு எடுக்க ஏலாம எங்கட டிசைன் செய்யிற பிள்ளையள் மச்சான், மாமாட வெளிநாட்டு அக்கவுண்ட்டுகளைப் பிடிச்சுத் தொங்குறதுக்கு இத எழுதும் வரைக்கும் எந்தப் பெட்டியும் வழி காட்டேல்ல.

பேடன்ட் கட்டாயம் எடுக்கோணுமா?

எல்லாத்துக்கும் இல்ல. இலங்கையில 2003ம் ஆண்டு 36ம் இலக்கச் சட்டம், 20 வருசம் பாதுகாப்பு, ஆனா இலங்கைக்குள்ள மட்டும். வெளிநாட்டில வேணுமெண்டா அங்கயும் காசு. சில நேரம் பூட்டினதத் திறந்துவிட்டதுதான் தொழில வளர்த்துது: 1956ல அமெரிக்க அரசாங்கம் ஏடிஅண்ட்டி எண்ட ஃபோன் கொம்பனியோட வழக்க முடிக்கேக்க, அவங்கட ஆராய்ச்சிக்கூடம் பெல் லேப் அதுவரைக்கும் எடுத்து வச்சிருந்த பேடன்டுகள மற்ற ஆக்களுக்கு இலவசமாக் குடுக்கச் சொல்லி எழுதி வாங்கிட்டுது, அதில ட்ரான்சிஸ்டரும் இருந்துது. பேடன்ட எடுத்து ஃபிரேம் போட்டு சுவர்ல தொங்க விடுறதுக்கு எண்டா வேண்டாம்.

ஏஐக்கு சட்டம் வரப்போகுதாமே, எங்களப்போல சின்ன ஆக்கள் தப்புவமா?

ஐரோப்பாவில 2024 ஓகஸ்ட் 1ல இருந்து ஏஐ சட்டம் அமுலுக்கு வந்திட்டுது, ஆபத்து எவ்வளவு எண்டு பாத்து படிப்படியா விதி, பெரிய பிழைக்கு 35 மில்லியன் யூரோ இல்லாட்டி உலக வருமானத்தில 7 வீதம், எது கூடவோ அது தண்டம். எங்கட நாட்டில 2022ல தனிப்பட்ட தரவுகள் பாதுகாப்புச் சட்டம் வந்துது, அமுல் திகதி தள்ளித் தள்ளிப் போய் 2025ல திருத்தமும் வந்துது.

கொலின்றிட்ஜ் எண்டு ஒருத்தர் 1980ல ஒரு சிக்கலச் சொன்னார். ஒரு தொழில்நுட்பம் குட்டியா இருக்கேக்க மாத்துறது சுகம், ஆனா என்ன தீமை வரும் எண்டு தெரியாது. தெரியிற நேரம் அது வளந்து வேர் விட்டிரும், பிடுங்க ஏலாது. வீட்டுச் சுவர்ல முளைச்ச அரச மரம் மாதிரி.

சின்ன ஆக்களுக்கு என்ட பயம் தண்டப்பணம் இல்ல, படிவம். பெரிய கொம்பனிக்கு ஒரு மாடி முழுக்க சட்டத்தரணிகள் இருக்கிறாங்க, நூறு பக்க அறிக்கை கேட்டா சிரிச்சுக்கொண்டு குடுப்பாங்க, ரெண்டு பேர் நடத்துற கடையில அந்த நூறு பக்கம் எழுதிற ஆளே சாமான் செய்யிற ஆளும். அதால கடுமையான சட்டம் வேணும் எண்டு பெரிய கொம்பனியே கேட்டா கொஞ்சம் காதைத் தீட்டிக்கொள்ளுங்க. அதுக்காக சட்டமே வேண்டாம் எண்டில்ல, கர்ப்பிணிகள் குடிச்சா பிள்ளை கை கால் குறையோட பிறக்கிற தலிடோமைட் மருந்த அமெரிக்காவில ஃபிரான்சஸ் கெல்சி எண்ட ஒரு அம்மா, ஆதாரம் காணாது எண்டு கையெழுத்துப் போடாம வச்சிருந்தா, அதால எத்தின பிள்ளையள் கை காலோட பிறந்துது. அவ அடிக்கடி பதில் போட்டவ எண்டதக் கவனியுங்க, இதுக்கு ஆதாரம் எங்க, அதுக்கு எங்க எண்டு திருப்பித் திருப்பிக் கேட்டு எழுதினவ.

இவ்வளவு பெரிய துறைமுகம் இருந்தும் திருமலையில ஏன் ஒண்டும் வருதில்ல?

இதக் கேட்டா ரத்தம் கொதிக்கும், சுருக்கமாச் சொல்லிட்டுப் போறன். வெள்ளைக்காரன் காலத்து 99 எண்ணெய்த் தாங்கி, அதில கனக்க எத்தின வருசம் காட்டுக்குள்ள சும்மா நிண்டுது. 2022 ஜனவரியிலதான் 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்தியன் ஒயிலுக்கு, 61 ரெண்டு பேரும் சேர்ந்து எண்டு பிரிச்சு முடிச்சாங்க. சம்பூர்ல 500 மெகாவொட் நிலக்கரி நிலையம் வருது வருது எண்டு 2016ல கைவிட்டாங்க, பிறகு அங்க 120 மெகாவொட் சோலார் கட்டுற வேலைய 2025 ஏப்ரல்ல தொடக்கி வச்சாங்க. இதுக்கிடையில சம்பூர்ச் சனம் 2006ல இடம்பெயர்ந்து முகாம் முகாமா அலைஞ்சுது, அவங்கட 818 ஏக்கர் காணிய முதலீட்டு வலயம் எண்டு குடுத்து, பிறகு 2015ல அத ரத்து பண்ணி, பிறகுதான் வீட்டுக்குப் போகச் சொன்னாங்க.

காணி ஆருக்கு, எத்தின வருசத்துக்கு எண்டு தெரியாத இடத்தில ஒரு கிணறு வெட்டவே மனுசன் யோசிப்பான். ஆராய்ச்சிக்கும் நாடு செலவழிக்கிறது மொத்த உற்பத்தியில 0.1 வீதத்துக்குக் கிட்ட. தாய்வான் 1973ல அரசாங்க ஆராய்ச்சி நிலையம் ஒண்டத் தொடங்கி, அதுக்குள்ள இருந்து 1987ல சிப் செய்யிற டிஎஸ்எம்சி கொம்பனி வந்துது, பதினாலு வருசம் பொறுத்தாங்க. எங்களிட்ட 2008ல தொடங்கின நனோ தொழில்நுட்ப நிறுவனம் இருக்கு, ஹோமாகமையில. திருமலையில இருந்து போக ஒரு முழுநாள்.

சரி, இப்ப நாங்க என்ன செய்யிறது?

வாயால கேக்காதேங்க, கடிதமாக் குடுங்க, கொப்பியில சீலும் திகதியும் வாங்குங்க. பதில் வராட்டி 2016ம் ஆண்டு தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கு, என்ட கோப்பு எங்க நிக்குது எண்டு கேட்டு ஒரு படிவம், 14 வேலைநாளுக்குள்ள தாறமா இல்லையா எண்டு முடிவு சொல்லோணும். ரீச்சர் அக்காட விஷயத்தில நாலாம் மாசம் இதத்தான் செஞ்சம். அனுமதி வரேல்ல, ஆனா ட்ரான்ஸ்ஃபோமர் நிரம்பிட்டுது, பெரிசாக்கிற திட்டத்தில உங்கட ரோட் இருக்கு எண்டு எழுத்தில வந்துது. அந்தக் கடிதத்தக் கொண்டுபோய் வங்கியில தவணைய ஆறு மாசம் தள்ளிப்போட்டா.

கரண்ட் விலை மாத்தேக்க பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு சனத்திட்ட கருத்துக் கேக்கும், எழுத்திலயும் குடுக்கலாம், நேரிலயும் கதைக்கலாம், அங்கயும் போங்க. நான் ஒருக்காப் போனன், கதைக்க எழும்பினதும் நாக்கு ஒட்டிட்டுது, எழுதிக்கொண்டு போனத வாசிச்சிட்டு இருந்திட்டன். எனக்குப் பிறகு கிண்ணியாவில இருந்து வந்த ஒரு காக்கா, ஐஸ் போடுற இடம் நடத்துறவர், ரெண்டு வருசத்து பில்ல ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கொண்டு வந்து ஒவ்வொண்டா மேசையில வச்சுக் கணக்குச் சொன்னார், முன்னால இருந்தவங்க பேனை எடுத்து எழுதத் தொடங்கினாங்க.

வாற சனிக்கிழமை நான் கடையில இல்ல, அக்காட வீட்டு ட்ரான்ஸ்ஃபோமர் மாத்திட்டாங்களாம், பூச்சாடிய இறக்கிட்டு பெட்டியத் திறக்கப் போறன். ஏணி பிடிக்க ரெண்டு பேர் வந்தா நல்லம்.